மூன்றாவது சோடி

2005 ஏப்ரல் 20ஆம் திகதி, தாண்டவன்வெளியில் பதினேழாம் இலக்க வீடு. குடும்ப அட்டையின்படி அங்கே இரண்டு பேர்: மேர்சி, அவருடைய மகள் மதுஷா. வாசற்படியில் கிடந்த செருப்பு மூன்று சோடி.

கணக்கை எழுதிக்கொண்டு போனவள் ஒரு வெளிநாட்டு மாணவி. ஆனால் ஒரு வீட்டின் ஆட்களைச் செருப்பை வைத்து எண்ணலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மதுஷாதான். பிற்பாடு பல நாள் அவள் தலையிலடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

அந்த மாணவியின் பெயர் லேனா. ஜெர்மனியின் வடக்கே ஒரு துறைமுக நகரத்தைச் சேர்ந்தவள், வயது இருபத்துநான்கு. சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு மட்டக்களப்பில் யார் யாரோடு ஒண்டியிருக்கிறார்கள் என்று ஆராய, மூன்று மாதத்துக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்திருந்தாள். மார்ச் முதல் வாரம் வந்து இறங்கினாள். மூன்றாம் வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்த ஆளாகிவிட்டாள். அதற்குக் காரணம் அவளது நிறமல்ல, நடை. மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் உள்ளவன் அதில் போவான்; இல்லாதவன் சைக்கிளில் போவான்; அதுவும் இல்லாதவன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பான். ஒன்பது மணி வெயிலில் ஒரு ஆள் விரும்பி நடந்து போவதை யாரும் கண்டதில்லை. லேனா புளியந்தீவை நான்கு நாளில் சந்துபொந்து விடாமல் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து முடித்தாள். பிறகு பாலம் கடந்து கோட்டைமுனை, வாவியோரம், கல்லடி. கையில் குறிப்பெழுத ஒரு கொப்பி, முதுகில் ஒரு பை, மூக்கு நுனி தக்காளி போலச் சிவந்திருக்கும்.

"ஒரு நகரத்தைக் காலால்தான் படிக்க வேண்டும்," என்பாள் ஆங்கிலத்தில். "எங்கள் ஊரில் இப்போது வசந்தம். நடக்கிற காலம்."

"இங்கே இரண்டு காலம்தான்," என்று மதுஷா ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். "மழைக்குக் குடை பிடிக்கிற காலம், வெயிலுக்குக் குடை பிடிக்கிற காலம்."

மதுஷா அதே வளாகத்தில் புவியியல் மூன்றாம் வருடம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் லேனாவோடு போய்வரும் பொறுப்பைத் துறையில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். கோட்டைமுனைச் சந்தியில் ஆட்டோ நிறுத்தும் யோகராசா இவர்களைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

"தங்கச்சி, உங்கட வெள்ளைக்காரிக்குக் கால் நோகாதா? ஏறச் சொல்லுங்க, சும்மா கொண்டு விடுறன்."

"அவ ஏறமாட்டா அண்ணன்."

"அப்ப நான் ஆட்டோவ வித்துப்போட்டு நல்லதா ஒரு பாட்டாச் செருப்பு வாங்குறன். ஊரெல்லாம் நடக்கத் தொடங்கினா எங்கட பிழைப்பு என்னத்துக்காகும்?"

லேனாவுக்கு முதல் இரண்டு வாரமும் வேலை நடக்கவில்லை. கதவைத் தட்டி, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் உண்மை வராது. நிவாரணம் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்த வீட்டில் எண்ணிக்கை கூடும். பேர் எழுதிக்கொண்டுபோய் யாரிடமாவது கொடுக்கப்போகிறாள் என்று பயந்த வீட்டில் குறையும். ஒரு நாள் கொப்பியை மூடிவிட்டு, வாவிக்கரைக் கட்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மதுஷாவுக்கு இரக்கமாகிவிட்டது.

"கேட்காதே. செருப்பை எண்ணு," என்றாள்.

சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் யாரும் செருப்போடு வீட்டுக்குள் போவதில்லை. வேதக்காரர், சைவர், முஸ்லிம் ஆட்கள் என்ற வித்தியாசம் கிடையாது. அகதியாக வந்து ஒண்டியிருப்பவனும் செருப்பைப் படியில்தான் விடுவான். வெயில் ஏறிய மத்தியானத்தில், ஆட்கள் உள்ளே கிடக்கும் நேரமாகப் பார்த்து, வாசல் கேற்றடியில் நின்று எண்ணினால் போதும். விருந்தாளிகள் கணக்கில் வராமலிருக்க, ஒவ்வொரு வீட்டையும் மூன்று வெவ்வேறு நாட்களில் எண்ண வேண்டும். மூன்று நாளும் கிடக்கும் செருப்பு அந்த வீட்டாளுடையது.

லேனா எழுந்து நின்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வேலை ஓடத் தொடங்கியது. கல்லடியில் தெய்வமணி என்ற பெண்ணின் வீட்டு அட்டையில் நான்கு பேர். படியில் மூன்று நாளும் பதினொரு சோடி. நாவலடியில் வீடிழந்த அண்ணன் குடும்பம் முழுவதும் அங்கேதான் இருந்தது. ஆனால் உலர் உணவு நால்வருக்கு மட்டுமே வந்தது. இப்படி வீட்டுக்கு வீடு. எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பதிவிலுள்ள அட்டைக் கணக்கும் செருப்புக் கணக்கும் எழுதி, மே 7ஆம் திகதி சனிக்கிழமை நகர மண்டபத்தில் சுவரில் தொங்கவிடுவதாக ஏற்பாடு. அதிகாரிகள் வருவார்கள், தொண்டு நிறுவனங்கள் வரும், ஊர்ச் சனமும் வரும்.

மதுஷாவின் வீட்டு ஒழுங்கை அந்தத் திட்டத்தில் இல்லை. ஏப்ரலில் அவளுக்கு ஒரு வாரம் பரீட்சை. அந்த வாரம் லேனா தனியாக நடந்தாள். தனியாக நடந்தவள் தாண்டவன்வெளிப் பக்கம் திரும்பினாள்.

"உன் ஒழுங்கையையும் எண்ணிவிட்டேன்!" பரீட்சை முடிந்த அன்று வளாகத்துக் கன்ரீனில் தாளை விரித்துக் காட்டினாள் லேனா. "பதினேழாம் வீடு உன்னுடையதுதானே? அட்டையில் இரண்டு. செருப்பு மூன்று. மூன்று நாளும் மூன்று. ஒன்று ஆண் செருப்பு. யார் அது, சொல்லவே இல்லையே?"

கண்ணைச் சிமிட்டினாள். காதலன் என்று நினைத்துவிட்டாள் போலும்.

மதுஷா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள்.

அந்தச் செருப்பு அவள் தம்பி ஜொய்சனுடையது. பதினைந்து வயதில், ரியூசனுக்குச் சைக்கிளில் போனவனை, சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கம் கொண்டுபோனது. நான்கு வருடம் கழித்து, இயக்கம் கிழக்கில் இரண்டாகப் பிளந்தபோது, அவனைப் போன்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடலோரம் டச்பாரிலிருந்த அவர்கள் வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்து எட்டு மாதத்தில் கடல் வந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. மூவரும் பூசைக்குப் போயிருந்தார்கள். தகப்பன் பேர்னாட் வீட்டிலே நின்றார். மூன்றாம் நாள்தான் அவருடைய உடல் கிடைத்தது.

தாண்டவன்வெளியில் வாடகைக்கு வந்த பிறகு, பெப்ரவரியில், ஜொய்சனோடு திரும்பி வந்த ஒருவனை பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சுட்டார்கள். இன்னொருவனை மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், அவன் திரும்பவில்லை. சுட்டவர்கள் எந்தப் பக்கம் என்று ஊர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஜொய்சன் அறைக்குள்ளே. கேட்டவர்களுக்கு, கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான் என்று சொன்னார்கள். புது அட்டையில் அவன் பெயர் இல்லை. வானொலி மெதுவாக, இருமல் தலையணைக்குள், சோற்றுத் தட்டு இரண்டு மட்டும் வெளியே. எல்லாவற்றையும் யோசித்தார்கள். செருப்பை மட்டும் யோசிக்கவில்லை.

மேர்சியின் வீட்டில் செருப்பு உள்ளே வராது. அவன் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் கக்கூசுக்குப் போய்வந்து, சின்ன வயதில் பழகியபடி படியில் கழற்றிவிட்டுப் போவான். ஒளிந்திருப்பவனின் செருப்பும் ஒளிக்கப்பட வேண்டியது என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. வளவைச் சுற்றித் தகர வேலி, முன்னே ஐந்தே கால் அடித் தகரக் கேற். ஒழுங்கையில் அதற்கு மேலால் பார்க்கக்கூடிய உயரம் யாருக்கும் இல்லை. லேனா ஐந்தடி பத்தங்குலம். இருநூறு வீட்டுச் செருப்பை எண்ணிய மதுஷா, அந்த ஒரு சோடியைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறாள்.

"அது…" என்றாள் மதுஷா. விருந்தாளி என்று சொல்ல முடியாது; மூன்று நாள் கணக்கு அவளே போட்ட விதி. "அது அப்பாவின் செருப்பு. கடலோடு போனவர். அம்மா எடுக்க விடுவதில்லை."

லேனாவின் முகம் மாறியது. அழிறப்பரை எடுத்து, மூன்றை அழித்து இரண்டு என்று எழுதினாள். பிறகு மதுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மதுஷா அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை, தப்பித்தோம் என்றே நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், தகரக் கேற்றுக்கு மேலால் லேனாவின் தலை தெரிந்தது. கையில் ஒரு கட்டுத் தாமரை, தோளில் கமரா.

மேர்சி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். மதுஷா ஓடி வந்தாள்.

"செருப்பை ஒரு படம் எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேள்," என்றாள் லேனா. "கண்காட்சியில் நடுவில் வைக்கப் போகிறேன். எண்ணிக்கையெல்லாம் அதைச் சுற்றி. பார்ப்பவர்களுக்குப் புரியும், இது எண்ணிக்கை இல்லை, மனிதர்கள் என்று."

"என்னவாம்?" மேர்சி சிரித்த முகத்தோடு கேட்டார்.

மதுஷாவும் சிரித்த முகத்தோடே சொன்னாள். "அம்மா, சிரிச்சிக்கிட்டே இரிங்க. தம்பிட செருப்ப இவ எண்ணிப்போட்டா. நான் அது அப்பாட செருப்பெண்டு சொல்லிட்டன். இப்ப படமெடுக்க வந்திரிக்கா."

மேர்சியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "ஆர்ட செருப்பெண்டு?"

"அப்பாட."

"கொப்பர் எப்பகா பாட்டா போட்டவர்? சாகுமட்டும் தோல் செருப்புத்தானே! தபால் கந்தோர்ப் பேர்னாட்டெண்டா அந்த மண்ணிறச் செருப்புச் சத்தத்திலயே தெரியுமே ஊருக்கு. அத மண்டபத்தில மாட்டினா எல்லாரும் கேப்பானுகள், இதாரு செருப்பெண்டு."

"அம்மா, மெதுவா…"

"செத்த மனிசனக் கொண்டுவந்து பொய்க்கு நிப்பாட்டிரிக்காய். வேற ஆளே கிடைக்கல்லயா உனக்கு?"

"என்ன சொல்கிறார்?" என்றாள் லேனா.

"அப்பாவைப் பற்றிச் சொல்கிறார்," என்றாள் மதுஷா. அது உண்மைதான்.

லேனா படியருகே முழங்காலில் இருந்தாள். கறுப்பு ரப்பர் செருப்பு. இடது வார் அறுந்து நீல நூலால் கட்டப்பட்டிருந்தது. அவள் விரலால் தொட்டாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈரமாக இருக்கிறதே."

இருட்டும்வரை காத்திருக்க முடியாமல் ஜொய்சன் சற்று முன்னர்தான் போய்க் கால் கழுவி வந்திருந்தான். படியில் பாதி காய்ந்த காலடித் தடமும் இருந்தது.

"சனிக்கிழமைகளில் அம்மா கழுவி வைப்பார்," என்றாள் மதுஷா.

மேர்சி குனிந்தார். ஈரத் தடத்தின் மேல் பாவாடை விளிம்பு படும்படி நின்று, செருப்பிரண்டையும் நேராக வைத்தார். லேனாவின் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார், பிசிறில்லாத குரலில்: "என்ட மனிசன வெறுங்காலோடதான் எடுத்தம் மகள். கடல் ரெண்டு செருப்பையும் கொண்டு போயிற்று."

மொழிபெயர்க்கச் சொல்லி லேனா மதுஷாவைப் பார்த்தாள்.

"எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்," என்றாள் மதுஷா.

கமரா மூன்று தரம் சொடுக்கியது. உள்ளே, திரைச்சீலைக்குப் பின்னால், ஜொய்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றான்.

திங்கட்கிழமை கோட்டைமுனைச் சந்தியில் யோகராசா ஆட்டோவிலிருந்தபடி எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, உங்கட வீட்டுச் செருப்பெல்லாம் ஜெர்மனிக்குப் போகுதாமே? அப்பிடி என்ன செருப்புக்கா அது, தங்கத்திலயா?"

அவர் சிரித்தார். மதுஷா சிரிக்கவில்லை. இரண்டு நாளில் சந்திவரை வந்த கதை, இன்னும் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? செருப்பை எடுத்து ஒளிக்கவும் வழியில்லை. ஒழுங்கை நெடுகத் தலைகள் இப்போது அந்தக் கேற்றின் இடுக்கால் எட்டிப் பார்த்தன. ஒரு நாள் காணாமற்போனால், யார் போட்டுப் போனது என்று கேள்வி வரும். மே 7க்கு முன் ஜொய்சன் வீட்டிலிருந்து போயாக வேண்டும். கொழும்பில் மேர்சியின் ஒன்றுவிட்ட அண்ணன் இருந்தார். ரயிலேறினால் போதும்.

"என்ன போட்டுக்கிட்டுப் போற?" என்றான் ஜொய்சன் மெதுவாக. மூன்று பேரும் படியைப் பார்த்தார்கள்.

செருப்பு அங்கேயே கிடக்க வேண்டும். தாண்டவன்வெளியிலோ பசாரிலோ ஆண்பிள்ளை இல்லாத வீட்டுப் பெண் எட்டாம் இலக்கச் சப்பாத்து வாங்கினால் அதுவும் பேச்சாகும். மேர்சி பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனார். மஜீட் என்பவரின் கடையில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தைக் காட்டினார்.

"மருமகனுக்கா?" என்றார் மஜீட்.

"ஓம்."

"கால் அளவு தெரியுமா? மருமகன்மார்ர காலுக்குப் பிழையாக் குடுத்தா மாமிக்குத்தான் பேச்சு."

"எட்டு," என்றார் மேர்சி. "பிழைக்காது."

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குக் கால் மணி நேர நடை. இடையில் ஒரு சோதனைச் சாவடி, இரண்டு சந்தி. ஆட்டோ வைத்தால் சாவடியில் இறக்கிப் பார்ப்பார்கள். சைக்கிளில் போனால் சந்தியில் நிற்பவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு நாள் யோசித்தபின் மதுஷாவுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த ஊரில் யாரும் நிறுத்தாத ஒரு நடை இருந்தது. எட்டு வாரமாக அந்த வெள்ளைக்காரியைப் பார்த்துப் பார்த்துச் சாவடிக்காரருக்கே அலுத்துவிட்டது. அவளோடு கொப்பியும் அளவு நாடாவும் பிடித்துப் போகிறவர்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

"நாளைக்குக் காலையில் ரயில் நிலையப் பக்கம் நடப்போம்," என்று லேனாவிடம் சொன்னாள். "கரடியனாற்றுப் பக்கத்து மாணவர் ஒருவர் வருவார். நாடா பிடிக்க."

மே 3ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு முன்பே லேனா ஒழுங்கை முனையில் நின்றாள். மதுஷாவோடு வந்தவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கையில் கொப்பி, தோளில் சின்னப் பை. மூன்று மாதம் வெயில் படாத முகம். புதுச் சப்பாத்து கடித்து நொண்டினான்.

மூவரும் நடந்தார்கள். முதல் சந்தியில் யோகராசாவின் ஆட்டோ நின்றது. அவர் வாயைத் திறந்தார், வெள்ளைச் சட்டைக்காரனின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு வண்டியை விட்டு இறங்கி, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

சாவடியில் சிப்பாய் லேனாவைக் கண்டு கையை உயர்த்தினான். "மிஸ், இன்றைக்கும் நடையா?" என்றான் அரைகுறை ஆங்கிலத்தில்.

"இன்றைக்கும் நடை!" என்றாள் லேனா. நாடாவின் ஒரு முனையை ஜொய்சனிடம் கொடுத்து, சாவடி வாசலிலேயே வீதியின் அகலத்தை அளந்தாள். சிப்பாய் சிரித்துக்கொண்டு தடையை விலக்கினான்.

ஜொய்சன் நாடாவைப் பிடிக்கக் குனிந்தபோது லேனாவின் பார்வை அவன் காலில் விழுந்தது. ஆறு வாரமாகச் செருப்பை மட்டுமே பார்த்துத் திரிந்தவள். பெருவிரலுக்குப் பக்கத்தில் வார் தேய்த்த தழும்பு சப்பாத்துக்குள் மறைந்திருக்கலாம். ஆனால் பாதத்தின் நீளம் மறையாது. அவள் ஜொய்சனின் முகத்தைப் பார்த்தாள், மதுஷாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு முகத்துக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு.

அவள் நாடாவைச் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, நிலையம் வரை முன்னால் நடந்தாள்.

ரயில் வந்தது. ஜொய்சன் ஏறும்போது அக்காளின் கையைத் தொடவில்லை. தொட்டால் பார்ப்பவர்களுக்குத் தெரியும். "வாறன் அக்கா," என்றான், கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறவன் போல. லேனா அவனிடம், தான் படித்த சொற்ப தமிழில், "நல்லா நட," என்றாள்.

திரும்பி வரும் வழியில் லேனா கேட்டாள்: "எத்தனை வீட்டில் இப்படி ஒரு சோடி இருக்கும்?"

"எனக்குத் தெரியாது," என்றாள் மதுஷா. "நீ எண்ணியிருக்கிறாய்."

சனிக்கிழமை நகர மண்டபத்தில் படம் தொங்கவில்லை. பிலிம் வெளிச்சம் பட்டுப் பழுதாகிவிட்டது என்று லேனா எல்லோரிடமும் சொன்னாள். வரைபடத்தில் வீடுகளும் இல்லை. மூன்று நாள் கண்விழித்துத் திரும்ப வரைந்திருந்தாள். ஒழுங்கைக்கு ஒரே பெட்டி: அட்டையில் இத்தனை, இருப்பவர் இத்தனை. எந்த வீட்டில் யார் என்று யாராலும் படிக்க முடியாது. ஓர் அதிகாரி நெருங்கி நின்று பார்த்துவிட்டு, "வீட்டு விபரம் இல்லாம நாங்க என்ன செய்யிற?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தெய்வமணி வீட்டின் பதினொரு பேருக்கும் அட்டை கிடைக்க செப்டம்பர் ஆகியது. மதுஷா அதற்காக ஐந்து தரம் கந்தோருக்கு ஏறி இறங்கினாள்.

அந்த மே மாதம் முழுவதும் ஜொய்சனிடமிருந்து வந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. சேர்ந்துவிட்டேன் என்றான். எந்த இடத்தில் என்று அவனும் சொல்லவில்லை, மேர்சியும் கேட்கவில்லை.

படியில் செருப்பு மட்டும் கிடந்தது. வெயில் காய்ந்து வெளிறியது. மேர்சி ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கழுவி வைத்தார், ஒழுங்கை பார்க்கும்படியாக. ஒரு சனிக்கிழமை கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே இருந்து அழுதார். ஆருக்காக அழுகிறீர்கள் என்று மதுஷா கேட்கவில்லை.

லேனா ஜூன் 10ஆம் திகதி நாடு திரும்பினாள். அடுத்த நாள் மேர்சி செருப்பைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கொழும்புக்குப் போன தேவாலயப் பங்கு ஆள் ஒருவரிடம், ஒன்றுவிட்ட அண்ணனுக்கெனக் கொடுத்து அனுப்பினார். ஒழுங்கையில் கேட்டவர்களுக்கு, வெள்ளைக்காரி ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டாள் என்று சொன்னார். ஜொய்சன் அதை மாமாவிடம் வாங்கிக்கொண்டான். அவன் தங்கியிருந்த விடுதியில் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். அவன் தன்னுடையதை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தான்.